கவிஞர்களுக்கு இயற்பியல்: வாழ்க்கையில் படிக்கிற கடைசி அறிவியல் வகுப்பு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நேரா ஒரு கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோடைக்காலம் ஏன் வருது? போனை எடுக்காதீங்க. பத்து செகண்டு யோசிச்சு, மனசுக்குள்ள ஒரு பதில் சொல்லி வச்சுக்கோங்க.

ஆச்சா? சரி.

1987-ல் 'எ பிரைவேட் யுனிவர்ஸ்'னு ஒரு ஆவணப்படம் வந்தது. இடம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோட பட்டமளிப்பு விழா. அங்கியும் தொப்பியுமா நிக்கிற புதுப் பட்டதாரிகள், முன்னாள் மாணவர்கள், பேராசிரியர்கள்னு 23 பேரைப் பிடிச்சு, பருவங்கள் ஏன் மாறுது, நிலா ஏன் தேய்ஞ்சு வளருதுன்னு ரெண்டுல ஒரு கேள்வி கேட்டாங்க. 23 பேர்ல 21 பேரோட விளக்கம் தப்பு. தயங்கித் தயங்கிச் சொல்லல. கையை ஆட்டி ஆட்டி, அவ்வளவு நம்பிக்கையோட சொல்றாங்க.

கோடைக்கு அவங்க சொன்ன காரணம், பூமி சூரியனுக்குக் கிட்ட வருதுங்கிறது. உங்களில் பல பேர் சொன்னதும் அதுவாத்தான் இருக்கும், வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது ஜனவரி முதல் வாரத்துல. அப்போ தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்துல 15 கோடியே 21 லட்சம். அதாவது ஹார்வர்டு இருக்கிற ஊர்ல பனி கொட்டுற மாசத்துலதான் சூரியன் பக்கத்துல இருக்கு! பருவத்துக்குக் காரணம் பூமியோட அச்சு 23.5 டிகிரி சாய்ஞ்சு இருக்கிறது. நாம இருக்கிற பாதி சூரியன் பக்கம் சாய்ஞ்சிருக்கிற மாசங்கள்ல வெயில் நேரா விழுது, பகலும் நீளுது. சென்னை மாதிரி ஊருக்கு இதுல கூடுதலா ஒண்ணு உண்டு. சூரியன் சரியா உச்சந்தலைக்கு மேல வர்றது வருஷத்துல ரெண்டு தடவை, ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும். நிழலில்லா நாள்னு பள்ளிக்கூடங்கள்ல குச்சி நட்டுக் காட்டுவாங்களே, அது. பாஸ்டன்காரங்களுக்கு அந்த நாள் வரவே வராது.

நான் இந்தப் படத்தைப் பத்திச் சொல்றது ஹார்வர்டுக்காரங்களைப் பார்த்துச் சிரிக்க இல்ல. அந்த 23 பேர்ல அறிவியல் வகுப்பு எடுத்துப் படிச்சவங்களும் இருந்தாங்க. படிச்சு, பரீட்சை எழுதி, பாஸ் ஆனவங்க. அப்படின்னா அந்த வகுப்பு என்னதான் செஞ்சது? இன்னைக்கு எபிசோடு முழுக்க அந்த வகுப்பைப் பத்தித்தான்.

நம்ம ஊர்ல பத்தாவது முடிச்சதும் குரூப் எடுக்கிறோம். காமர்ஸ் குரூப் எடுத்தா அதோட இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் டாட்டா. அமெரிக்காவுல அப்படி இல்ல. பெரும்பாலான கல்லூரிகள்ல இளநிலைப் பட்டம் வாங்கணும்னா, நீங்க ஆங்கில இலக்கியம் படிச்சாலும் சரி, நாடகம் படிச்சாலும் சரி, ஒண்ணு ரெண்டு அறிவியல் பாடம் கட்டாயம் எடுக்கணும். பல இடங்கள்ல அதுல ஒண்ணு ஆய்வகத்தோட இருக்கணும். அறிவியலை முதன்மைப் பாடமா எடுக்காத மாணவர்களுக்குன்னே தனியா வடிவமைச்ச வகுப்புகள் இதுக்காக இருக்கு.

அதுக்குப் பட்டப்பேரும் உண்டு. புவியியல் வகுப்புக்கு 'ராக்ஸ் ஃபார் ஜாக்ஸ்'. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வந்த பசங்க பாஸ் பண்ண ஏத்த பாறைப் பாடம்னு கிண்டல். இயற்பியலுக்கு 'ஃபிசிக்ஸ் ஃபார் பொயட்ஸ்', கவிஞர்களுக்கு இயற்பியல். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் மார்ச் 1970-ல் இந்தப் பேர்லயே ஒரு பாடப்புத்தகம் போட்டார். கிண்டலைத் தலைப்பாவே வச்சுக்கிட்டார், மனுஷன்.

இதுல ரொம்பக் கூட்டம் சேர்றது வானியலுக்கு. 'ஆஸ்ட்ரோ 101'னு பொதுவா சொல்லுவாங்க. 2000-களின் தொடக்கத்துல போட்ட மதிப்பீட்டின்படி வருஷத்துக்குச் சுமார் 2 லட்சத்து 50 ஆயிரம் பேர் எடுக்கிறாங்க. இவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள்ல அதுதான் கடைசி அறிவியல் வகுப்பு. அதுக்கப்புறம் இவங்க வக்கீல் ஆவாங்க, நிருபர் ஆவாங்க, மேயர் ஆவாங்க, பள்ளிக்கூடத்துல டீச்சர் ஆவாங்க. தடுப்பூசி போடலாமா, ஊருக்குப் பக்கத்துல அணு உலை வரலாமான்னு ஓட்டுப் போடுவாங்க. பதினஞ்சு வாரம் கிடைக்குது. அதுல என்ன சொல்லிக் கொடுப்பீங்க?

சுலபமான வழி ஒண்ணு இருக்கு. இயற்பியல் மாணவர்களுக்கான பாடத்தையே எடுத்து, கணக்கை எல்லாம் கழிச்சுட்டு, தலைப்புகளை மட்டும் வச்சுக்கிறது. பால்ல தண்ணி ஊத்துற மாதிரி. முதல் வாரம் சூரியக் குடும்பம், பதினஞ்சாவது வாரம் பிரபஞ்சத்தோட முடிவு. நடுவுல 400 கலைச்சொல். கடைசியில கொள்குறி வினாத்தாள். என்னோட கருத்துல இது நேர விரயம். இதை மாத்தணும்னு ரொம்ப முன்னாடியே உட்கார்ந்து யோசிச்ச ஒருத்தரோட கதையைச் சொல்றேன்.

ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட். வேதியியலாளர். 1933 முதல் 1953 வரை ஹார்வர்டின் தலைவர். இரண்டாம் உலகப் போர்ல அணுகுண்டுத் திட்டத்தை மேலிருந்து நடத்தினவங்கள்ல ஒருத்தர். 1945 ஜூலையில நியூ மெக்சிகோ பாலைவனத்துல முதல் குண்டை வெடிச்சுப் பார்த்தப்போ அங்கேயே இருந்தார். அதே வருஷம்தான் அவர் அமைச்ச குழு, பொதுக்கல்வி எப்படி இருக்கணும்னு ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அவரோட கவலை இதுதான்: இனிமே அறிவியலைப் பத்தின பெரிய முடிவுகளை எடுக்கப் போறது விஞ்ஞானிகள் இல்ல. செனட்டர்கள், நீதிபதிகள், பத்திரிகை ஆசிரியர்கள், வாக்காளர்கள். இவங்களுக்கு அறிவியல் கண்டுபிடிச்ச தகவல்களை மூட்டை கட்டிக் கொடுத்தா போதாது. ஒரு விஞ்ஞானி தன் கூற்று சரியா தப்பான்னு எப்படி முடிவு பண்றார்ங்கிறதை இவங்க உள்ளேயிருந்து பார்க்கணும்.

அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி, பழைய ஆராய்ச்சிகளை ஒவ்வொண்ணா எடுத்து வழக்கு மாதிரி நடத்துறது. சட்டக் கல்லூரியில தீர்ப்புகளை வச்சுப் பாடம் நடத்துவாங்கள்ல, அப்படி. 1947-ல் 'ஆன் அண்டர்ஸ்டாண்டிங் சயின்ஸ்'னு இதை விளக்கி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதுல வர்ற ஒரு வழக்கை மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை அது.

கைப்பம்பு வச்சுக் கிணத்துல இருந்து தண்ணியை உறிஞ்சி எடுத்தா, சுமார் 10 மீட்டருக்கு மேல ஏறாது. பம்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் ஏறாது. ஏன்? இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காது, அதனாலதான் தண்ணி மேல ஏறுதுன்னு அந்தக் காலத்துல சொல்லிட்டிருந்தாங்க. அப்போ 10 மீட்டருக்கு மேல மட்டும் பிடிக்குதா? 1640-கள்ல இத்தாலியில டோரிசெல்லி தண்ணிக்குப் பதிலா பாதரசத்தை எடுத்தார். ஒரு பக்கம் மூடின கண்ணாடிக் குழாய்ல நிரப்பி, ஒரு பாதரசக் கிண்ணத்துல தலைகீழா நிறுத்தினா, பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்துல நின்னுச்சு. அவர் சொன்னார்: நம்ம தலைக்கு மேல ஒரு காத்துக் கடல் இருக்கு, அதோட எடை கிண்ணத்தை அழுத்துது, அதனாலதான் பாதரசம் நிக்குது.

கேட்க நல்லா இருக்கு. ஆனா உண்மையா? பிரான்ஸ்ல பாஸ்கல் ஒரு வழி யோசிச்சார். காத்தோட எடைதான் காரணம்னா, மலை மேல போனா தலைக்கு மேல காத்து குறைவு, அப்போ பாதரசம் இறங்கணும். பாஸ்கலுக்கு உடம்பு அவ்வளவா சரியில்ல. மலை இருந்தது அவரோட அக்கா வீட்டுக்காரர் பெரியே இருந்த ஊர்ப் பக்கம். 1648 செப்டம்பர் 19, பெரியே ஊர்ப் பெரியவங்க சிலரைக் கூட்டிக்கிட்டு, குழாயையும் பாதரசத்தையும் தூக்கிக்கிட்டு புய் டு டோம் மலையில ஏறினார். உச்சியில பாதரசம் கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர் இறங்கி இருந்தது.

இதுல நான் நிறுத்திப் பார்க்கச் சொல்றது வேற ஒரு இடத்தை. ஏறுறதுக்கு முன்னாடி பெரியே அதே மாதிரி இன்னொரு குழாயை அடிவாரத்துல, ஒரு மடத்தோட தோட்டத்துல நிறுத்திட்டுப் போனார். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கிட்டே இருங்கன்னு ஒரு துறவியை உட்கார வச்சார். அந்தப் பாதரசம் அன்னைக்கு அசையவே இல்ல.

அந்தத் துறவி எதுக்கு? வகுப்புல கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மேல குழாய்ல பாதரசம் இறங்கினதை எல்லாரும் பார்த்தாச்சு, அப்புறம் கீழ எதுக்கு இன்னொண்ணு? யாராவது ஒரு மாணவர் சொல்லுவார்: அன்னைக்கு வானிலை மாறியிருந்தா? மலையால இறங்கிச்சா, மழை மேகத்தால இறங்கிச்சான்னு எப்படித் தெரியும்? அவ்வளவுதான். ஒரு சமன்பாடு எழுதல. ஆனா அந்த மாணவர் இனிமே "இந்த மருந்து சாப்பிட்டேன், காய்ச்சல் போயிடுச்சு"ன்னு யாராவது சொன்னா, கீழே உட்கார்ந்திருந்த துறவி எங்கேன்னு தேடுவார். கவிஞருக்கும் இது புரியும். சொல்லப்போனா, கவிஞருக்கு நல்லாவே புரியும்.

இதுல ஒரு கிளைக்கதை. கோனன்ட் இந்தப் பாடத்துக்கு உதவியாளரா எடுத்தவங்கள்ல ஒருத்தர், அப்போ இயற்பியல்ல முனைவர் பட்டத்துக்குப் படிச்சிட்டிருந்த இளைஞர். இலக்கிய, வரலாற்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துறதுக்காக அரிஸ்டாட்டிலோட இயற்பியலைப் படிக்கப்போய், அப்படியே துறை மாறிட்டார். பேரு தாமஸ் கூன். 1962-ல் அவர் எழுதின புத்தகத்தாலதான் 'பாரடைம்'ங்கிற வார்த்தை இன்னைக்கு எல்லா ஆபீஸ் பிரசன்டேஷன்லயும் வருது. புத்தகத்தைக் கோனன்ட்டுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்கார்.

இன்னொரு வகை வகுப்பு, பெர்க்லியில கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் முல்லர் நடத்தினது. 'ஃபிசிக்ஸ் ஃபார் ஃபியூச்சர் பிரசிடென்ட்ஸ்', வருங்கால ஜனாதிபதிகளுக்கு இயற்பியல். அதே தலைப்புல 2008-ல் புத்தகமும் வந்தது. அவர் வரலாற்றுக்குப் போகல. நாளைக்கு உன் மேசைக்கு வரப்போற கோப்புல என்ன இருக்கும்னு கேட்டார். பயங்கரவாதம், எரிசக்தி, கதிர்வீச்சு, விண்வெளி. ஆரம்பமே அமர்க்களமா இருக்கும்: ஒரு கிராம் டி.என்.டி. வெடிமருந்துல அதிக ஆற்றலா, ஒரு கிராம் சாக்லேட் சிப் பிஸ்கட்டுலயா? பிஸ்கட்டுல. அதுவும் பல மடங்கு. அப்போ ஏன் பிஸ்கட்டால கட்டடத்தைத் தகர்க்க முடியல? டி.என்.டி. தன்கிட்ட இருக்கிற கொஞ்ச ஆற்றலைக் கண் சிமிட்டுற நேரத்துல கொட்டிடுது. பிஸ்கட் உடம்புக்குள்ள மணிக்கணக்கா மெதுவா எரியுது. ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நல்லா நான் கேட்டதில்ல. இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சா, ஒரு கிலோ பெட்ரோலையும் ஒரு கிலோ பேட்டரியையும் ஒப்பிட்டு, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஏன் அவ்வளவு கனமான பேட்டரியைச் சுமக்குதுன்னு நீங்களே யோசிச்சுடலாம்.

முல்லரைப் பத்தி இன்னொண்ணும் சொல்லணும். புவி வெப்பமாதல் கணக்குகள்ல அவருக்குச் சந்தேகம் இருந்தது, வெளிப்படையாப் பேசினார். அப்புறம் 'பெர்க்லி எர்த்'னு ஒரு குழு அமைச்சு வெப்பநிலைப் பதிவுகளை மறுபடி முதல்லேயிருந்து ஆராய்ஞ்சு, வெப்பமாதல் நிஜம், காரணம் மனுஷங்கதான்னு 2012-ல் பத்திரிகையில எழுதினார். ஜனாதிபதிக்குக் கத்துக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் என்ன இருக்கு?

சரி, நல்ல கேள்வி, நல்ல கதை, எல்லாம் இருக்கு. ஆனா மேடையில ஒருத்தர் அருமையாப் பேசிட்டா கீழே இருக்கிறவங்க மனசு மாறிடுமா? மாறாதுன்னு தன் சொந்த வகுப்புலயே பார்த்தவர் எரிக் மசூர். ஹார்வர்டுல 1984-ல் இயற்பியல் நடத்த ஆரம்பிச்சார், பெரும்பாலும் மருத்துவத்துக்குப் போகப்போற மாணவர்களுக்கு. அவருக்கு மாணவர்கள் நல்ல மதிப்பெண்தான் போட்டாங்க. 1990 வாக்குல, ரொம்பச் சாதாரண கேள்விகள் கொண்ட ஒரு கருத்துத் தேர்வைக் கொடுத்தார். உதாரணமா: கனமான லாரியும் சின்ன காரும் மோதுது, எது எதுமேல அதிக விசை செலுத்துது? ரெண்டும் சமம், நியூட்டனோட மூணாம் விதி. அப்போ ஒரு மாணவி கேட்டாங்களாம், இதுக்கு நீங்க சொல்லிக் கொடுத்தபடி எழுதணுமா, இல்ல நான் நிஜமா நினைக்கிறபடி எழுதணுமான்னு.

இதைக் கேட்டு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். ஏன்னா நம்மகிட்டயும் ரெண்டு நோட்டு இருக்கு. பரீட்சைக்கு ஒண்ணு, வாழ்க்கைக்கு ஒண்ணு. கிரகணத்துக்கான காரணத்தைப் படம் வரைஞ்சு அஞ்சு மார்க் வாங்கிட்டு, அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல சாப்பாட்டை மூடி வைக்கிறவங்கதானே நாம.

மசூர் நடத்துற முறையை மாத்தினார். பத்து நிமிஷம் பேசுவார், ஒரு கேள்வி போடுவார். எல்லாரும் தனித்தனியா பதில் சொல்லணும். அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்களோட வாதம் பண்ணணும், மறுபடி பதில் சொல்லணும். தப்பு பதிலை நீயே வாய்விட்டுச் சொல்லி, அது உன் கண் முன்னாடி உடையணும். ஆஸ்ட்ரோ 101 வகுப்புகளுக்கும் இதே மாதிரி முறைகள் வந்தது. அப்படிப்பட்ட வகுப்புகள்ல 31 கல்லூரிகளைச் சேர்ந்த கிட்டத்தட்ட 4000 மாணவர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2009-ல் வெளியிட்டாங்க. வகுப்புல எத்தனை பேர் இருக்காங்கங்கிறது பெரிய வித்தியாசம் பண்ணல. மாணவர்களை எவ்வளவு நேரம் யோசிக்க, வாதாட வைக்கிறாங்கங்கிறதுதான் வித்தியாசம் பண்ணுச்சு. முப்பது பேர் இருக்கிற அறையிலயும் ஆசிரியர் பேசிக்கிட்டே இருந்தா, பலன் சுமார்தான்.

இதுல கசப்பான பக்கமும் இருக்கு. ஆராய்ச்சியில பேர் வாங்கின பேராசிரியர்கள் பலருக்கு இந்த வகுப்பு எடுக்கிறது தண்டனை மாதிரி. ஒப்பந்த ஆசிரியர்கள் தலையில விழும். மாணவர்களும் எது ஈஸின்னு சீனியர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் வர்றாங்க. கொலம்பியா பல்கலைக்கழகத்துல வானியலாளர் டேவிட் ஹெல்ஃபாண்ட் பல வருஷம் போராடி, 2004-ல் 'ஃப்ரான்டியர்ஸ் ஆஃப் சயின்ஸ்'னு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கொண்டு வந்தார். அறிவியல் தகவலை விட அறிவியலா யோசிக்கிற பழக்கம்தான் நோக்கம். நல்ல நோக்கம். அறிவியல் மாணவர்கள் இது ரொம்ப லேசுன்னாங்க, மத்தவங்க எதுக்கு இதுன்னாங்க. புலம்பல் இன்னும் ஓயல.

ஆனாலும் மொத்தமா வீண்னு சொல்ல முடியாது. ஜான் மில்லர்ங்கிற ஆய்வாளர் அமெரிக்கப் பெரியவர்களோட அறிவியல் புரிதலைப் பல பத்தாண்டுகள் அளந்தார். நாளிதழோட அறிவியல் பக்கத்தைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற அளவுக்குத் தேறினவங்க 1988-ல் சுமார் 10 சதவீதம். இருபது வருஷம் கழிச்சுச் சுமார் 28 சதவீதம். கல்லூரியில கட்டாயமா எடுத்த அந்த அறிவியல் பாடங்களுக்கு இதுல பெரிய பங்கு இருக்குங்கிறது அவரோட வாதம். கல்லூரிக்குப் போறவங்க மத்த விதத்துலயும் வேறயாத்தான் இருப்பாங்க, அதனால அந்த வாதத்தை நான் முழுசா ஏத்துக்கல. ஆனா தள்ளிவிடவும் முடியல.

இப்போ நம்ம பக்கம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகள்ல படிச்சவங்களுக்குப் பகுதி 4 ஞாபகம் இருக்கும். அதுல 'நான் மேஜர் எலெக்டிவ்'னு ஒண்ணு உண்டு. பி.காம். படிக்கிறவங்க இயற்பியல் துறையில 'அன்றாட வாழ்வில் இயற்பியல்' மாதிரி ஒரு தலைப்பை எடுக்கலாம். அப்புறம் இ.வி.எஸ்., சுற்றுச்சூழல் கல்வி. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் 1991-ல் கொடுத்த உத்தரவோட தொடர்ச்சியா, 2000-களின் தொடக்கத்துல பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புக்கும் அதைக் கட்டாயமாக்கினாங்க. யோசிச்சுப் பாருங்க, வரலாறு, காமர்ஸ், தமிழ் இலக்கியம்னு எல்லாரும் சேர்ந்து படிக்கிற ஒரே அறிவியல் பாடம் அதுதான். நாம அதை எப்படிப் படிச்சோம்? பரீட்சைக்கு முந்தின நாள் நைட்டு ஜெராக்ஸ். மாசு எத்தனை வகைப்படும்? காற்று மாசு, நீர் மாசு, ஒலி மாசு. எழுதிட்டு வந்தாச்சு.

அதே பாடத்துல ஒரே ஒரு வாரம் இதுக்குக் கொடுக்கலாம். வீட்டுக்கு வாட்டர் பியூரிஃபையர் விக்க வர்றவர் ஒரு டெமோ காட்டுவார்ல. ரெண்டு டம்ளர். ஒண்ணுல உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவரோட ஆர்.ஓ. தண்ணி. ரெண்டுலயும் கம்பி மாதிரி ஒரு கருவியை விட்டு பிளக்கைப் போடுவார். ரெண்டு நிமிஷத்துல உங்க தண்ணி செங்கல் நிறத்துல கலங்கி, பார்க்கவே குமட்டும். அவர் தண்ணி அப்படியே இருக்கும். "பாருங்கம்மா, இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கறீங்க"ம்பார். அம்மா உடனே செக் புக்கைத் தேடுவாங்க.

அங்கே நடக்கிறது இது. குழாய்த் தண்ணியில கரைஞ்ச உப்புகள் இருக்கு, அதனால மின்சாரம் பாயுது. பாயும்போது அந்தக் கருவியில இருக்கிற இரும்புக் கம்பி கரைஞ்சு துருவா மாறுது. நீங்க பார்க்கிற அழுக்கு பெரும்பாலும் அவர் கொண்டு வந்த கம்பியோட துரு. ஆர்.ஓ. தண்ணியில உப்பு ரொம்பக் குறைவு, மின்சாரம் சரியாப் பாயல, கம்பி கரையல. உங்க தண்ணி நல்லதா கெட்டதாங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுல கிருமி இருக்கலாம், இல்லாம இருக்கலாம், அதை இந்த டெமோ சொல்லாது.

வேதியியல் தெரியாதவங்களும் இதைப் பிடிக்கலாம். அவரோட டம்ளர்ல ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு, மறுபடி கருவியை விடச் சொல்லுங்க. அதுவும் கலங்கும். புய் டு டோம் அடிவாரத்துல ஒரு குழாயை விட்டுட்டுப் போனதும், இந்த ஒரு சிட்டிகை உப்பும் ஒரே வேலையைத்தான் செய்யுது.

உங்க கல்லூரியில நான் மேஜர் எலெக்டிவ்லயோ இ.வி.எஸ்.லயோ உருப்படியா ஏதாவது ஒரு வகுப்பு நடந்திருந்தா, என்ன நடந்ததுன்னு எழுதி அனுப்புங்க. பாடத்தோட பேர் மறந்திருந்தாலும் பரவாயில்ல, அந்த ஒரு வகுப்பு மட்டும் போதும். நிலா ஏன் தேயுதுங்கிற ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லல. பூமியோட நிழல் விழுறதாலன்னு நினைச்சிருந்தீங்கன்னா, ஒரு சாயங்காலம் பாதி நிலா உச்சியில இருக்கும்போது சூரியன் எந்தப் பக்கம் மறையுதுன்னு மொட்டை மாடியில நின்னு பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.